கார்பன் பட்டையும் கான்கிரீட்டின் மேற்பரப்பும்: உத்தரங்களை வலுப்படுத்திய வரலாறு

சுவிட்சர்லாந்தின் லூசர்ன் நகருக்கு அருகே ஏ2 நெடுஞ்சாலையைக் கடந்து செல்லும் ஈபாக் பாலம் 1969இல் கட்டி முடிக்கப்பட்டது. 228 மீட்டர் நீளமும் பல கண்களும் கொண்ட, பெட்டி வடிவக் குறுக்குவெட்டுடைய முன்தகைவுக் கான்கிரீட் பாலம் அது. போக்குவரத்துச் சைகை விளக்குகளைப் பொருத்துவதற்காக அதில் துளையிட்டபோது, 39 மீட்டர் நீளமுள்ள கண் ஒன்றின் வெளிச்சுவருக்குள் கிடந்த முன்தகைவு வடம் தவறுதலாகச் சேதமடைந்தது. அதன் கம்பிகள் சில முற்றிலும் அறுந்துபோயின. மிகுபார ஊர்திகள் பாலத்தைக் கடப்பதற்கான சிறப்பு அனுமதிகள் நிறுத்திவைக்கப்பட்டன.

1991இல் அந்தக் கண்ணின் அடிப்புறத்தில் கார்பன் இழைப் பட்டைகள் மூன்று எப்பாக்சிப் பசையால் ஒட்டப்பட்டன. ஒவ்வொன்றும் 5 மீட்டர் நீளம், 150 மில்லிமீட்டர் அகலம். இரண்டின் தடிமன் 1.75 மில்லிமீட்டர், மூன்றாவதன் தடிமன் 2 மில்லிமீட்டர். மூன்றும் சேர்ந்து 6.2 கிலோ எடை. இதே வேலைக்கு எஃகுத் தகடு பயன்படுத்தியிருந்தால் 175 கிலோ தேவைப்பட்டிருக்கும். கீழே செல்லும் நெடுஞ்சாலையை இரவில் மட்டும் மூடி, சாரம் கட்டாமல், நகரும் மேடை ஒன்றில் நின்றபடியே பணி முடிக்கப்பட்டது. பின்னர் 840 கிலோநியூட்டன் எடையுள்ள ஊர்தியை நிறுத்திச் சுமைச் சோதனை நடத்தினார்கள். பாலமொன்றைக் கார்பன் இழைப் பட்டை ஒட்டி வலுப்படுத்திய முதல் நிகழ்வாகத் துறை நூல்கள் பெரும்பாலும் இதையே குறிப்பிடுகின்றன.

இழை வலுவூட்டிய பாலிமர் பற்றிய பாடங்களிலும் ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் இந்த 6.2, 175 என்னும் இரு எண்கள் ஓயாமல் திரும்ப வருகின்றன. எஃகைவிடப் பன்மடங்கு வலிமையும் அதில் ஐந்திலொரு பங்கு அடர்த்தியும் கொண்ட பொருள் வந்தது, பழைய பொருள் விலகியது என்று கதை சுருக்கமாக முடிந்துவிடுகிறது. கதையின் பாதிதான் இது. உத்தரத்தின் அடியில் எதை ஒட்டினாலும் அந்த விசையை ஏற்றுக்கொள்ள வேண்டியது கான்கிரீட்டின் மேற்பரப்பு. ஒட்டும் பொருள் இரண்டு தலைமுறைகளுக்குள் எஃகிலிருந்து கார்பனுக்கு மாறியது. அந்த மேற்பரப்பு மாறவில்லை. இத்துறையின் அறுபதாண்டு வரலாற்றில் நடந்த விவாதங்களில் பெரும்பகுதி, நேரடியாகவோ மறைமுகமாகவோ, அதைப் பற்றியதுதான்.

ஒட்டி வலுப்படுத்தும் முறை எஃகுத் தகட்டோடு தொடங்கியது. 1964இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டும்போது உத்தரங்களில் வைக்க வேண்டிய கம்பிகள் தவறுதலாக விடுபட்டுப்போயின. கான்கிரீட் இறுகிய பிறகு உள்ளே கம்பி வைக்க வழியில்லை. எனவே வெளியே எஃகுத் தகடுகளை எப்பாக்சியால் ஒட்டினார்கள். மறந்துபோன கம்பிக்கு மாற்றாகப் பிறந்த முறை என்பதை இன்றைய கருத்தரங்குகள் அதிகம் நினைவுகூர்வதில்லை. 1967இல் பாரிஸில் நடந்த ரைலெம் கருத்தரங்கில் தென்னாப்பிரிக்காவின் ஃபிளெமிங், கிங் ஆகியோரும் பிரான்சின் லெர்மித், பிரெஸ்ஸோன் ஆகியோரும் தத்தம் பணிகளை முன்வைத்தார்கள். 1975இல் இங்கிலாந்தின் எம்5 நெடுஞ்சாலையில் குவின்டன் பாலங்கள் இதே முறையில் வலுப்படுத்தப்பட்டன.

ஆனால் பிரிட்டனின் போக்குவரத்து, சாலை ஆய்வகத்தார் தகடு ஒட்டிய உத்தரங்களைத் திறந்தவெளியில் பல ஆண்டுகள் வைத்துப் பார்த்தபோது, பசைக்கும் எஃகுக்கும் இடைப்பட்ட பரப்பில் துரு ஊடுருவியிருந்தது தெரிந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. சாயம் பூசிய தகடு நன்றாகவே தோன்றும். அதன் எடையும் தொல்லை தந்தது. கனமான தகட்டைத் தலைக்கு மேலே தூக்கி, பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்கச் சாரமும் முட்டுக்கட்டைகளும் வேண்டும். ஒரே துண்டாகக் கையாளக்கூடிய நீளமும் குறைவு என்பதால் நீண்ட கண்களில் இணைப்புகள் தவிர்க்க முடியாதவை ஆயின.

சூரிக் அருகே டூபென்டார்ஃபில் உள்ள எம்பா ஆய்வகத்தில் ஊர்ஸ் மையர் 1980களில் கார்பன் இழையை எடுத்துக்கொண்டதற்கு இத்தொல்லைகளே காரணம். அப்போது கார்பன் இழை புதுப்பொருள் அல்ல. 1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு, ஒசாகாவில் அகியோ ஷிண்டோ, இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகம் என மூன்று இடங்களில் தனித்தனியே வளர்ந்தது அது. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் தன் ஆர்பி211 விமான எந்திரத்திற்குக் கார்பன் இழை விசிறி இதழ்களைத் திட்டமிட்டது. பறவை மோதும் சோதனையில் அவை தோற்றதால் டைட்டானியத்திற்குத் திரும்பியது. ஜப்பானின் டோரே 1971இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியபின் மீன்தூண்டிலுக்கும் கோல்ஃப் மட்டைக்கும் வானூர்திக்கும் போன அந்த இழை, கட்டுமானத்துக்குக் கடைசியாகத்தான் வந்து சேர்ந்தது. கிலோவுக்கு எஃகைப் போலப் பன்மடங்கு விலையுள்ள பொருளைப் பாலத்தில் ஒட்டச் சொன்னபோது எழுந்த ஐயம் நியாயமானது. மையரின் விடை எடைக் கணக்கில் இருந்தது: கிலோக்கணக்கு குறையும்போது, சாரமும் ஆளும் போக்குவரத்து நிறுத்தமும் சேர்ந்த மொத்தச் செலவில் பொருளின் விலை சிறு பங்காகிவிடும். ஈபாக் அந்த வாதத்தின் மெய்ப்பிப்பு.

அதற்கு முன்பே எம்பாவின் சோதனைக்கூடத்தில் மற்றொரு செய்தி வெளிப்பட்டிருந்தது. சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1989இல் கைசர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, பட்டை ஒட்டிய உத்தரங்களை முறியும்வரை சோதித்தது. அவற்றில் பட்டை அறுந்தும் உத்தரம் தோற்கலாம். அறுவதற்கு முன்பே உரிந்தும் தோற்கலாம். வளைவு விரிசலோடு சாய்வு விரிசல் சேரும் இடத்தில், விரிசலின் இரு கரைகளும் செங்குத்தாகச் சற்றே விலகும். அந்த விலகலே பட்டையைக் கான்கிரீட்டிலிருந்து நெம்பித் தள்ளுகிறது. உரிந்து விழுந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதன்மீது மெல்லிய கான்கிரீட் படலம் ஒட்டியிருக்கும். பசை தோற்கவில்லை, இழை தோற்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் இருந்த சில மில்லிமீட்டர் கான்கிரீட் கிழிந்துவிட்டது. பட்டையின் முனையில் நிகழும் மற்றொரு வகைத் தோல்வியில், கம்பிகளின் மட்டம்வரை உள்ள காரை முழுவதுமாகப் பாளம்போல் பெயர்ந்து விழுகிறது.

கம்பியோடு பழகிய பொறியாளருக்கு இங்கே ஓர் உள்ளுணர்வு ஏமாற்றம் தரும். கம்பியைக் கான்கிரீட்டுக்குள் நீட்ட நீட்ட அதன் பிடிப்பு கூடும்; போதிய நீளம் தந்தால் கம்பி தன் முழு வலிமையையும் எட்டும். வெளியே ஒட்டிய பட்டைக்கு அவ்வாறில்லை. 2001இல் சென், டெங் ஆகிய இருவரும் வெளியிட்ட பிணைப்பு வலிமை மாதிரி இதைத் தெளிவான சமன்பாடாக்கியது. பயனுறு நீளம் ஒன்று உண்டு. அதற்கு மேல் பட்டையை எவ்வளவு நீட்டினாலும் பிணைப்பு தாங்கும் விசை கூடுவதில்லை. 1.4 மில்லிமீட்டர் தடிமனும் 165 கிகாபாஸ்கல் மீட்சிக் குணகமும் கொண்ட பட்டையை, 25 மெகாபாஸ்கல் உருளை வலிமையுள்ள கான்கிரீட்டில் ஒட்டினால் அந்நீளம் ஏறத்தாழ 215 மில்லிமீட்டர். மீதி நீளம் உரிதல் பரவ எடுக்கும் தொலைவைக் கூட்டுமே தவிர, விசையைக் கூட்டாது.

அதே பட்டைக்கு அமெரிக்கக் கான்கிரீட் நிறுவனத்தின் ஏ.சி.ஐ. 440.2ஆர் வழிகாட்டி 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் தந்த உரிதல் திரிபு வரம்பைப் போட்டுப் பார்க்கலாம். பட்டையின் இழுவலிமை 2800 மெகாபாஸ்கல், அகலம் 100 மில்லிமீட்டர் என்றால் அது அறுவதற்கு 392 கிலோநியூட்டன் வேண்டும். அப்போது திரிபு 0.017. வழிகாட்டி அனுமதிக்கும் திரிபோ 0.0043. அதாவது வடிவமைப்பாளர் கணக்கில் எடுக்கக்கூடிய விசை சுமார் 98 கிலோநியூட்டன், வாங்கிய வலிமையில் கால் பங்கு. போதவில்லையென்று இன்னொரு அடுக்கை ஒட்டினால் விசை இருமடங்காகாது; 139 கிலோநியூட்டன்தான் கிடைக்கும். தடிமன் கூடும்போது அனுமதித்த திரிபு அதன் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதே காரணம். வணிகக் கையேடுகளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் 2800 என்ற எண் இந்தச் சமன்பாட்டில் எங்குமே வருவதில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். கான்கிரீட்டின் வலிமையும் பட்டையின் விறைப்பும் மட்டுமே அதில் உண்டு.

1990களில் ஆய்வு பெருகியது. அரிசோனாவில் சாதத்மனேஷ், எஹ்சானி ஆகியோர் கண்ணாடி இழைத் தகடுகளை ஒட்டிய உத்தரங்களைச் சோதித்து 1991இல் வெளியிட்டார்கள். திரியாந்தஃபிலு, பிளெவ்ரிஸ் ஆகியோரின் பகுப்பாய்வு 1992இல் வந்தது. அதன்பின் வந்த கட்டுரைகளை எண்ணி மாளாது. அவற்றில் மிகப் பலவற்றின் அமைப்பு ஒன்றே: புதிதாக உத்தரம் வார்த்து, 28 நாள் நீரூட்டி, அடிப்பரப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்து, பட்டை ஒட்டி, இரு புள்ளிகளில் சுமையேற்றி முறிப்பது. ஒட்டாத உத்தரத்தைவிட இத்தனை விழுக்காடு வலிமை கூடியது என்ற வாக்கியத்தோடு முடிவுரை எழுதப்படுகிறது. எளிதில் செய்யத்தக்க சோதனை என்பதால் அது பரவியது. இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளிலும் அந்த அச்சே நிலைபெற்றது. உண்மையில் வலுவூட்டல் தேவைப்படும் உத்தரமோ நாற்பதாண்டு பழையது, விரிசலுற்றது, தன் எடையையும் மேல்தளத்தையும் சுமந்தபடி ஏற்கெனவே வளைந்திருப்பது, கம்பி துருப்பிடித்திருக்கக்கூடியது. சோதனைக்கூடத்தின் இளம் உத்தரத்திற்கு இருக்கும் நல்ல மேற்பரப்பு அதற்கு இருப்பதில்லை. இந்த இடைவெளியை நேர்மையாக எதிர்கொண்ட ஆய்வுகளும் உண்டு, ஆனால் பெருங்கூட்டத்தில் அவை சிறுபான்மை.

இந்த முறைக்கு உலகளவில் நற்பெயர் தேடித் தந்த நிகழ்வு உத்தரங்களோடு நேரடித் தொடர்பில்லாதது. 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் ஹான்ஷின் விரைவுச்சாலையின் ஒரு பகுதி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. அதன்பின் தூண்களைச் சுற்றிக் கார்பன் இழை விரிப்பு சுற்றும் பணி அந்நாட்டில் பெருமளவில் நடந்தது. தூணைச் சுற்றிய உறை முழு வளையமாக மூடிக்கொள்கிறது. உள்ளிருக்கும் கான்கிரீட் விரியும்போது உறை இறுகுகிறது. அது மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், பசையின் பிடிப்பு இரண்டாம் நிலைத் தேவையே. உத்தரத்தின் அடியில் ஒட்டிய பட்டைக்கு அந்தப் பிடிப்பைத் தவிர வேறு துணை கிடையாது. ஏ.சி.ஐ. வழிகாட்டி இவ்விரண்டையும் தொடுகையை நம்பியவை, பிணைப்பை நம்பியவை என்று பிரித்தே பேசுகிறது. சந்தையில் இரண்டும் ஒரே பெயரில், ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டியில் வருவதால் தூணில் பெற்ற பெயரை உத்தரமும் பகிர்ந்துகொண்டது.

நெறிமுறைகள் எழுதியவர்கள் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்திருந்தார்கள். 2000இல் பிரிட்டனின் கான்கிரீட் சங்கம், 2001இல் ஐரோப்பாவின் ஃபிப், 2002இல் ஏ.சி.ஐ., 2004இல் இத்தாலி என அடுத்தடுத்து வழிகாட்டிகள் வந்தன. ஏ.சி.ஐ. வழிகாட்டியில் அதிகம் பேசப்படாத விதி ஒன்று உண்டு. பட்டை முழுவதும் போய்விட்டாலும், பழைய உத்தரம் தனித்து நின்று புதிய நிலைச்சுமையின் 1.1 மடங்கையும் புதிய பயன்சுமையின் 0.75 மடங்கையும் தாங்க வேண்டும். 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் இவ்வெண்கள் 1.2, 0.85 என்று இன்னும் கடுமையாக இருந்தன. தீ, திட்டமிட்ட சேதம், உரிதல் எது நேர்ந்தாலும் கூரை உடனே விழுந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். இதன் மறுபக்கம் கவனத்துக்குரியது: மிக மோசமாக வலுவிழந்த உத்தரத்தைப் பட்டையால் காப்பாற்ற இவ்விதி இடம் தராது. ஓரளவு நலமாயிருப்பதற்கு மேலும் வலு சேர்க்கும் முறை இது.

இந்தியாவில் 2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த புஜ் நிலநடுக்கத்திற்குப் பின்னரே பழைய கட்டடங்களை வலுப்படுத்துவது பொதுப்பணித் துறைகளின் பேச்சில் இடம்பெற்றது. மத்தியப் பொதுப்பணித் துறையும் இந்தியக் கட்டடப் பேரவையும் சென்னை ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து 2007இல் நிலநடுக்க வலுவூட்டல் கையேடு ஒன்றை வெளியிட்டன. பழைய கான்கிரீட் கட்டடங்களின் மதிப்பீடு, வலுவூட்டல் குறித்த ஐ.எஸ். 15988 வழிகாட்டி 2013இல் வந்தது. ஆயினும் பட்டை ஒட்டும் நாளாந்தப் பணிகளில் கணக்கு பெரும்பாலும் ஏ.சி.ஐ. சமன்பாடுகளை வைத்தே போடப்படுகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஏ.சி.ஐ. வழிகாட்டி பிணைப்பை நம்பிய பணிகளுக்குக் குறைந்தது 17 மெகாபாஸ்கல் உருளை வலிமையையும், மேற்பரப்பை நேரே இழுத்துச் சோதிக்கும்போது 1.4 மெகாபாஸ்கல் பிடிப்பையும் கேட்கிறது. இந்தியாவின் ஐ.எஸ். 456 நெறிமுறை 1978ஆம் ஆண்டுப் பதிப்பில் கம்பி வலுவூட்டிய கான்கிரீட்டுக்கு எம்15 தரத்தை அனுமதித்தது. 2000ஆம் ஆண்டில்தான் குறைந்தபட்சம் எம்20 ஆயிற்று. இந்த 15 கனசதுர வலிமை. உருளை வலிமையாக மாற்றினால் சுமார் 12. எம்20 கூட 16 அளவில் நிற்கும். காலப்போக்கில் கான்கிரீட் வலிமை ஓரளவு கூடும் என்பதும், நன்றாக வார்த்த இடங்களில் குறித்த தரத்தைவிட அதிகம் கிடைத்திருக்கும் என்பதும் மெய்யே. ஆனால் கையால் கலந்து, தண்ணீர் தாராளமாக ஊற்றி வார்த்த உத்தரங்களும் ஏராளம். 1980களிலும் 1990களிலும் எழுந்த பள்ளிகள், மருத்துவமனைகள், வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் இவற்றுள் அடக்கம். வலுவூட்டல் மிகவும் தேவைப்படும் கட்டடங்களே அம்முறையின் நுழைவுவரம்பில் தடுமாறி நிற்கின்றன. உள்ளகம் துளைத்து எடுத்துச் சோதிக்காமலும் இழுப்புச் சோதனை செய்யாமலும் பட்டைக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவது இந்நிலையில் குருட்டு வேலை.

கடற்கரை நகரங்களில் துரு வேறு சேர்ந்துகொள்கிறது. குளோரைடு புகுந்து கம்பி துருப்பிடித்தால் துருவின் பருமன் பெருகி மேல்மூடு காரையை உள்ளிருந்து பிளக்கிறது. பட்டையை ஒட்ட வேண்டிய பரப்பும் அதுவே. பெயர்ந்த காரையைத் தட்டி நீக்கிச் சாந்து பூசி, அதன்மேல் பட்டை ஒட்டினால் பார்வைக்கு உத்தரம் புதிதாகிவிடும். அடியில் துரு தொடரும். பட்டையும் எப்பாக்சியும் மேற்பரப்பை மூடிவிடுவதால் விரிசலும் கறையும் முன்போல் எச்சரிக்கை தருவதில்லை. எஃகுத் தகட்டின் பின்னால் கண்ணுக்குப் படாமல் பரவிய துருவிலிருந்து தப்பிக்கக் கார்பனுக்கு வந்தவர்கள், அதே துருவைக் கான்கிரீட்டுக்குள் ஓரடுக்கு ஆழத்தில் மறைத்துவைக்கும் நிலை இது.

வெப்பத்தையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். சாதாரண வெப்பநிலையில் இறுகும் எப்பாக்சிகள் 60 முதல் 82 பாகை செல்சியஸுக்குள் கண்ணாடி நிலையிலிருந்து இளகத் தொடங்குகின்றன. தீயில் பட்டை பயன்படாது என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் முன்துருத்திய மாடங்களிலும் பாலத் தளங்களிலும் இழுவிசை மேற்புறத்தில் உள்ளதால் பட்டையும் வெயில்படும் மேற்புறத்திலேயே ஒட்டப்படுகிறது. அதன்மீது சூடான தார்க்கலவை விரித்தால் பசை அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

பிணைப்பின் எல்லையை விரிக்கும் முயற்சிகளும் நிற்கவில்லை. கான்கிரீட்டில் பள்ளம் வெட்டி அதற்குள் கம்பியையோ பட்டையையோ புதைப்பது ஒன்று. லாப்லாந்தில் 1940களிலேயே எஃகுக் கம்பியையும் சிமெண்டுக் குழம்பையும் கொண்டு பாலத் தளமொன்றில் செய்து பார்த்த உத்தி அது. முனைகளில் யூ வடிவ உறை போடுவதும், இழையாலேயே நங்கூரம் செய்து உத்தரத்துக்குள் இறக்குவதும் பின்னர் வந்தன. எப்பாக்சியை முழுதாக விட்டுவிட்டு, இழை வலையைச் சிமெண்டுச் சாந்தில் பதிக்கும் முறை 2000களில் வளர்ந்தது. 1992இல் எப்பாக்சி ஒட்டிய உத்தரங்களின் பகுப்பாய்வைத் தந்த அதே திரியாந்தஃபிலு, கிரேக்கத்தின் பத்ராஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இம்முறையின் முன்னோடிகளில் ஒருவரானார் என்பது சுவையான திருப்பம். 2013இல் ஏ.சி.ஐ. இதற்கெனத் தனி வழிகாட்டி வெளியிட்டது. சாந்து வெப்பத்தைத் தாங்கும். ஈரமான பரப்பிலும் பிடிக்கும். நம் ஊர்க் கொத்தனாருக்குப் பழகிய பொருள். ஆனால் அது எப்பாக்சியைப்போல் இழைக்கற்றையின் உட்புறம்வரை ஊறுவதில்லை. எனவே இந்த உத்தரங்களைச் சோதிக்கும்போது பல நேரங்களில் கான்கிரீட்டின் மேற்பரப்பு கிழிவதில்லை. சாந்து ஒட்டியபடியே நிற்க, உள்ளே இழை நழுவிவிடுகிறது.